தைத்த கை யாருடையது?

காரியாபட்டியில் எங்கள் மகளிர் குழு தைக்கும் ஒட்டுத்துணி விரிப்புகளைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர்கள் முதலில் விலை கேட்பார்கள். அடுத்ததாக, இது எந்த ஊர் வேலை என்பார்கள். வங்காளத்துக் காந்தாவா, ராஜஸ்தானா, யூடியூபில் பார்த்துப் படித்ததா என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பெண்களின் வேலையாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அந்தக் கேள்விக்கு நேரான பதில் ஒன்று வேண்டும் என்றுதான் விசாரிக்கத் தொடங்கினேன்.

குழுவில் பாதிப்பேர் ஜாக்கெட் தைப்பவர்கள். ஜாக்கெட் வெட்டும்போது கைக்குழியிலும் கழுத்திலும் வளைவுத் துண்டுகள் விழும். லைனிங் துணியில் நீளப் பட்டைகள் மிஞ்சும். அவற்றை நிறம் பிரித்துக் கோணிப்பையில் சேர்த்து வைப்போம். காலையில் வாடிக்கைத் துணி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விரிப்பு வேலை. துண்டுகளைச் சதுரமாக நறுக்கி, மெஷினில் இணைத்தால் மேல்பக்கம் தயார். அதற்கு அடியில் பழைய பருத்திச் சேலையை மூன்று நான்கு மடிப்பாக விரிப்போம். அடுக்கு நகராமலிருக்கக் கச்சாத் தையல் போட்டுக்கொண்டு, கையால் ஓட்டுத்தையல் ஓட்டுவோம். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வர வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் துணியெல்லாம் நடுவுக்கு ஒதுங்கிச் சுருக்கம் விழும்.

மெஷின் வேலையைத் தையல் வகுப்பில் படித்தோம். நடுவிலிருந்து ஓட்டும் முறையை எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. அது வீட்டுத் திண்ணையில் அப்பத்தாமார் கையைப் பார்த்து வந்தது. அப்பத்தாவுக்கு யார் சொல்லித் தந்தது? அங்கிருந்துதான் என் தேடல் போனது.

மல்லாங்கிணறு, ஆவியூர், முடுக்கன்குளம், கல்குறிச்சி என்று சொந்தம் இருக்கிற ஊர்களிலெல்லாம் வயதான பெண்களிடம் பேசினேன். "இதெல்லாம் ஒரு வேலையா தாயி? கிழிஞ்ச சேலையத் தச்சுப் போட்டுப் படுத்தோம், அம்புட்டுத்தான்" என்று ஒருவர் பேச்சை முடிக்கப் பார்த்தார். விடாமல் உட்கார்ந்து கேட்டபோது, அந்த அம்புட்டுக்குள் அத்தனை சேதி இருந்தது. வானம் பார்த்த பூமி இது. ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை மாசியில் வெள்ளாமை வீடு வந்தால், பங்குனி சித்திரையில் காட்டில் வேலை குறைவு. தையல் காலம் அதுதான். சேலைக் கரையிலிருந்து உருவிய நூலே தைக்கிற நூல். உடுத்தித் துவைத்து நைந்த சேலை எந்தப் புதுத் துணியையும் விட மெத்தென்றிருக்கும் என்பதால் பிறந்த பிள்ளையை அதில்தான் போடுவார்கள். இந்த வெக்கையில் போர்த்திக்கொள்ள யாருக்கும் தேவை இல்லை. களத்துக் காவலுக்கும் மாட்டுவண்டிப் பயணத்துக்கும் கீழே விரித்துப் படுக்கத்தான். பவானி ஜமுக்காளம் விலைக்கு வாங்க முடியாத வீடுகளின் படுக்கை அது.

"பழசு ஒண்ணாவது இருக்கா ஆத்தா?" என்று போன இடமெல்லாம் கேட்டேன். எங்கும் இல்லை. விரிப்பு நைந்ததும் கிழித்துப் பானை இறக்கும் பிடிதுணி ஆக்குவார்கள். அதுவும் நைந்தால் விளக்குத் திரி. இழை மிச்சமில்லாமல் பயன்பட்டுத் தீர்வதற்கென்றே தைத்த பொருள் எப்படி அருங்காட்சியகம் போகும்?

அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் வேறொரு முடிச்சு அவிழ்ந்தது. அந்த ஊர் தலைமுறை தலைமுறையாகப் பருத்திச் சேலை நெய்த ஊர். "பருத்திதான் துவைக்கத் துவைக்க இளகும். நைலக்ஸ் இளகாது, கிழியத்தான் செய்யும்" என்றார் தறியில் காலம் கழித்த பெரியவர் ஒருவர். 1970களில் நைலக்ஸும் பிறகு பாலியெஸ்டரும் வீட்டுக்கு வீடு நுழைந்தன. அந்தத் துணி வியர்வையை உறிஞ்சாது. நாலு மடிப்பு வைத்தால் ஊசிக்கு அடியில் வழுக்கி ஓடும். சேலை மாறியபோதே விரிப்பும் நின்றது. வசதி வந்ததால் பெண்கள் இதை விட்டார்கள் என்று நினைத்திருந்தவர்களுக்கு நான் சொல்வது: தைப்பதற்கான துணியே வீட்டை விட்டுப் போய்விட்டது.

அடுத்து மதுரை. காரியாபட்டியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம். அதன் கல்தூண்களுக்கு நடுவே நெடுங்காலம் தையற்காரர்கள் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்தைப் பழையபடி ஆக்குவதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்களின் சல்லடமும் உருமாலும், கருப்பசாமி உடுப்பும், தேரில் தொங்கும் தொம்பையும் அவர்கள் கைவேலை. அவர்களில் முஸ்லிம்கள் பலர்.

தொம்பை தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சிவப்புத் துணியில் சிங்கத்தையோ தாமரையோ வெட்டி, அடித்துணி மேல் வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துப் பிசிறு தெரியாமல் தைக்கிறார்கள். எங்கள் விரிப்பில் கிழிசல் மேல் துண்டு வைத்துத் தைப்பதும் அப்படித்தான். அதைச் சொன்னதும், தைத்துக்கொண்டிருந்த பாய் சிரித்தார். "தையல் ஒண்ணுதாம்மா. எங்க வேலை சாமிக்குப் போகுது, உங்க வேலை பிள்ளைக்குப் போகுது" என்றார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். ஒரே தையல்தான். கோயிலுக்குத் தைத்ததற்குப் பெயர் உண்டு, கூலி உண்டு, இன்னாரிடம் கொடுத்தால் நன்றாக வரும் என்ற பேச்சு உண்டு. திண்ணையில் தைத்ததற்கு இதில் ஒன்றுமே இல்லை.

பிறகு புத்தகங்கள் பக்கம் போனேன். ஒட்டுத்தையல் பற்றிய மிகப் பழைய சேதிகளில் ஒன்று பௌத்தர்களின் விநய பிடகத்தில் இருக்கிறது. மகத நாட்டு வயல்கள் வரப்புக் கட்டிப் பாத்தி பாத்தியாகக் கிடப்பதைக் காட்டி, துறவிகளின் ஆடையை அப்படி அமைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்கிறார். ஆனந்தர் துண்டுகளை இணைத்துத் தைத்துக் காட்டுகிறார். இப்படித் தைத்த பழந்துணி விரிப்புக்குப் பெயர் வடகர்நாடகத்தில் கவுதி, மராட்டியத்தில் கோதடி, பீகாரில் சுஜனி, சிந்துவில் ரல்லி. பழந்துணி இருந்த இடத்திலெல்லாம் யாரோ ஒரு பெண் அதை அடுக்கித் தைத்திருக்கிறாள். ஆகவே ஒரே ஊரைக் காட்டி இதுதான் பிறப்பிடம் என்று சொல்ல வழியில்லை. நைந்த துணியும் படுக்க இடம் கேட்கும் பிள்ளையும் உள்ள வீடுதான் அதன் பிறப்பிடம்.

ஆனால் அந்தத் தேடலில் நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்தில் 19ஆம் நூற்றாண்டுக் காந்தா ஒன்று இருக்கிறது. மானதசுந்தரி தாசி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்தது. அந்தச் சேதியை அவளே துணியில் ஊசியால் எழுதியிருக்கிறாள். அதனால்தான் இன்றும் அவள் பெயரோடு அந்தத் துணி பேசப்படுகிறது. கர்நாடகத்தில் எல்லாப்பூர்ப் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் 2004இல் கூட்டுறவு அமைத்தார்கள். மூலைகளில் மடித்த துணிப்பூ வைக்காத கவுதியை அவர்கள் முழுமையானதாகவே கருதுவதில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கீஸ் பெண்ட் பகுதியின் கறுப்பினப் பெண்கள் காட்டு வேலைக்கு உடுத்திக் கிழிந்த உடுப்புகளை விரிப்பாகத் தைத்தவர்கள். அந்தப் பக்கத்தில் 1966இல் தையல் கூட்டுறவு ஒன்று உருவானது. 2002இல் அவர்கள் விரிப்புகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவரில் ஏறின, தைத்தவர் பெயர்களோடு.

நம் பக்கத்தில் குறைந்தது கைத்திறன் இல்லை, பெயர் எழுதும் பழக்கம்தான். "கிழிஞ்சதத் தச்சோம், அம்புட்டுத்தான்" என்று செய்தவர்களே சொல்லும்படி நாம் அந்த வேலையை மதிக்காமல் விட்டோம்.

இதைக் குழுக் கூட்டத்தில் பேசினேன். பேர் போட்டால் யார் வாங்குவார்கள் என்று மதினி ஒருத்தி கேட்டாள். பேச்சு நீண்டது. சேமிப்புக் கணக்கு எழுதும் நோட்டில் கடைசியில் ஒரு தீர்மானமும் எழுதினோம். இப்போது விரிப்பு ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு வைக்கிறோம். தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு, உள்ளே யாருடைய சேலை இருக்கிறது என்பது நான்கும் அதில் சங்கிலித் தையலில் இருக்கும். விரிப்பை மடித்துக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் மேலே வைக்கிறோம். முன்பு வெறும் ஓரத்தோடு முடித்தவர்கள் இப்போது பிரித்துப் பிரித்துச் சரிபார்க்கிறார்கள். தன் பெயர் இருக்கும் துணியில் கோணல் தையல் இருப்பதை யாரும் விரும்புவதில்லை.

வாசிக்கும் உங்கள் வீட்டுப் பரணிலோ மரப்பெட்டியிலோ பழஞ்சேலை விரிப்பு ஒன்று கிடந்தால் பிடிதுணிக்குக் கிழித்துவிடாதீர்கள். தைத்தவர் இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள்: எந்த ஆண்டு, எந்தப் பிள்ளைக்கு, யார் சேலை. கேட்டதை அதன் பின்புறத்திலேயே தைத்துவிடுங்கள். எந்த ஊர் வேலை என்று இனி யாராவது கேட்டால் திருப்பிக் காட்டலாம்.