இடக்கைக்கு முதல் பாடம்

நான் போய்ச் சேர்ந்தபோது மகாவலிப் பக்கத்துப் பனி இன்னும் கலையவில்லை. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள், கலஹா வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு மரத்தடியில் மிலாறு எரிந்துகொண்டிருந்தது. கவ்வாத்து வெட்டிய அந்தத் தேயிலைக் குச்சிகளை மாணவர் ஒருவர் தோட்டத்திலிருந்து சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். சுற்றிலும் நான்கைந்து தப்புப் பறைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இந்த ஊர் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். சூடு காட்டாமல் அடித்தால் பொத்தென்றுதான் கேட்கும். பழக்க வந்திருந்த பெரியவர் ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிப் பார்த்தார். ஒன்றை எடுத்தார், மறுபடி நெருப்பருகே வைத்தார்.

அவர் மலைத்தோட்டமொன்றில் காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் அடித்து வருகிறவர். மாணவர்களுக்கு அவர் மாஸ்டர். அவருக்கு எல்லோரும் தம்பி, பாப்பா.

முதலில் தப்பைப் பிடிக்கும் விதம். வார் இடது தோளில் தொங்க, தப்பு இடப்பக்கத்து நெஞ்சோடு அணைந்து நிற்கிறது. இடது உள்ளங்கை மேல்விளிம்பில் படிந்திருக்க, அதே கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மெல்லிய நீண்ட மூங்கில் குச்சி. வலது கையில் குட்டையான தடித்த குச்சி. தமிழ்நாட்டுப் பறைக்காரர்கள் இவற்றைச் சிண்டுக்குச்சி, அடிக்குச்சி என்பார்கள். அடிக்குச்சி கீழிருந்து மேலாக நடுத்தோலில் படும்போது ஆழமான முழக்கம். சிண்டு தோலின்மேல் படுக்கையாக விழும்போது ஒரு சுள்ளென்ற வெட்டு.

“கைய வீசாதீங்க தம்பி. தோளு எதுக்கு ஆடுது? மணிக்கட்டோட நிக்கட்டும்.”

இடது கைக்கு அந்த மணிக்கட்டும் கிடையாது. உள்ளங்கை விளிம்பைத் தாங்கிக்கொண்டிருப்பதால் விரல்கள் மட்டுமே வேலை செய்யவேண்டும். கிட்டப் போய்ப் பார்த்தேன். பெருவிரல் அச்சாக நிற்கிறது, சுட்டுவிரல் குச்சியைத் தள்ளுகிறது, குச்சி தோலில் பட்டுத் தானே எழும்புகிறது. எழும்பும் குச்சியை விரல் இறுக்கிப் பிடித்தால் அடுத்த அடி செத்துவிடும். அங்கிருந்த மாணவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் சிக்கல். பெரியவர் வலது குச்சிகளை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வெகுநேரம் சிண்டை மட்டும் அடிக்கவிட்டார். அலுப்பாகத்தான் இருந்தது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பிறகு வலது இடது, வலது இடது. அடுத்து வலது இரண்டு, இடது இரண்டு. அதற்கடுத்து அவர் வாயால் சொல்லி அடித்துக் காட்டியது: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. தேவாலயப் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஒரு மாணவி உடனே, “மாஸ்டர், இது பாரடிடில்!” என்றார். சரிதான். 1933இல் அமெரிக்க டிரம் வாசிப்பாளர்கள் சங்கம் அமைத்து, இன்றியமையாதவை என்று 13 அடிப்படை அடிகளைத் தொகுத்தபோது இது அந்தப் பட்டியலில் இல்லை. பின்பு பட்டியல் 26 ஆனபோது இதுவும் சேர்ந்தது; 1984இல் அது சர்வதேசப் பட்டியலாக 40 ஆனது.

ஆனாலும் நோக்கம் வேறு. ஸ்நேர் டிரம்மில் இந்தப் பயிற்சியெல்லாம் இரு கைக்கும் ஒரே சத்தம் வரவேண்டும் என்பதற்காக. எந்தக் கை அடித்தது என்று கேட்பவருக்குத் தெரியக்கூடாது. தப்பில் ஒவ்வொரு அடியிலும் கை தெரியும். முழக்கம் வலது, வெட்டு இடது. அதனால் கை வரிசையை மாற்றினால் காலக்கணக்கு அப்படியே இருக்க, அடி வேறாகிவிடுகிறது. சமமாக இருக்கவேண்டியது இடைவெளி மட்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் பெரியவர் இடக்கையை ஏன் அந்தப் பாடு படுத்துகிறார் என்று விளங்கும். பிந்தி விழும் ஒரு சிண்டு முழு அடியையும் நொண்ட வைத்துவிடுகிறது.

முந்தின மாலை கண்டி தலதா மாளிகையில் தேவாவ வழிபாட்டு நேரத்தில் நின்றபோதும் என் கண் குச்சிகளில்தான் இருந்தது. அங்குள்ள கெட்ட பெர மேளம் இரு கையாலும் வாசிப்பது. தத், ஜித், தொங், நங் என்ற நான்கு சொற்களில் அதன் பாடம் தொடங்கும். தவுலுக்கு ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் கை. தம்மட்டம் இரண்டு சிறு முரசுகளைச் சேர்த்துக் கட்டியது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நுனி வட்டமாக வளைந்த இரண்டு குச்சிகளால் அதை அடிக்கிறார்கள். தப்பில் குச்சிகள் வேறுபடுவதால் வரும் இரட்டைக் குரல், இங்கே முரசுகள் வேறுபடுவதால் வருகிறது. அந்தக் கலைஞர்களின் தோளும் ஆடவில்லை.

தம்மட்டத்துக்குக் கோயில் மண்டபம் இருந்தது; தப்புக்கு லயத்து முற்றம்தான். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்டதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே மலைக்கு வந்தவர்களோடு வந்த கருவி இது. விடியுமுன் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, எழுப்பியதும் தப்புச் சத்தம்தான். சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதிய நெடும்பாடல் அந்தச் சத்தத்தோடுதான் ஆரம்பிக்கிறது. சாதியின் பேரால் தப்பையும் தப்படித்தவரையும் தள்ளி வைத்ததும் உண்டு. 1962இல் பேராசிரியர் வித்தியானந்தன் இந்தப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது மத்தளத்துக்குக் கிடைத்த மரியாதை தப்புக்கும் கிடைக்கவேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முதல் தேவை இந்த அடிகள் எழுத்தில் இருப்பது.

அதை அந்த டிரம்ஸ் மாணவி தொடங்கிவிட்டிருந்தார். ஒரு கொப்பியில் வலதுக்கு ‘வ’, இடதுக்கு ‘இ’, இரண்டும் சேர்ந்து விழும் இடத்தில் மேலே ஒரு கோடு. காமன் கூத்து அடியொன்றை நான்கு வரியில் எழுதியிருந்தார். பெரியவர் கொப்பியைப் பார்க்கவில்லை. “வாசிங்க பாப்பா” என்றார். மாணவி எழுத்தெழுத்தாக வாசிக்க, அவர் தொடையில் தட்டிக்கொண்டே வந்து மூன்றாவது வரியில் நிறுத்தினார்.

“அங்க ரெண்டு இடது வரும். ஒண்ணுதான் போட்டிருக்கீங்க.”

மாணவி இன்னொரு ‘இ’ சேர்த்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்.