கறல் பிடித்த சிலிண்டரும் யதீமின் சொத்தும்



வீட்டில் ஒரு பழைய சாமான் கறல் பிடித்து இறுகிப்போனால் நம்மில் பலருக்கு இரண்டே வழிதான் தெரியும். ஒன்று சுத்தியல், மற்றது பழைய இரும்பு வாங்குபவர். எங்கள் மஹல்லாவில் ஒரு ராத்தா இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் என்னிடம் மஸ்அலா கேட்டார்.

அவருடைய மர்ஹூம் கணவர் இரத்மலானை புகையிரத வேலைத்தளத்தில் பிட்டராக இருந்தவர். இங்கிலாந்தில் 1898இல் தொடங்கிய ‘மொடல் எஞ்சினியர்’ சஞ்சிகையின் பழைய பிரதிகளைப் பார்த்து, ஓய்வு நேரத்தில் ஒரு சிறிய புகையிரத எஞ்சினைச் செய்திருந்தார். மூன்றரை அங்குலத் தண்டவாளத்தில் கரி எரித்து, நீராவியால் உண்மையாகவே ஓடும். அவர் மௌத்தான பின் ஏழு வருடம் அது பெட்டிக்குள் கிடந்தது. வீடோ கடலோரம். சக்கரம் ஒரு மயிரிழையும் அசையவில்லை. இரும்புக்காரர் ஒரு விலை சொல்லியிருந்தார். பதினான்கு வயது மகன் சுத்தியலோடு நின்றான்.

மஸ்அலா இலகுவானது. கணவரின் பெற்றோர் முன்பே மௌத்தாகிவிட்டதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சம் மகனுக்கும் மகளுக்கும். பிள்ளைகளின் பங்கை இரும்பு விலைக்குக் கொடுக்க உம்மாவுக்கும் உரிமையில்லை. ஆகவே முதலில் சாமானைக் காப்பாற்ற வேண்டும். என் வாப்பா தையல் மெஷின் திருத்துபவர் என்பதால் அந்த வேலையில் எனக்கும் கொஞ்சம் பழக்கம் உண்டு.

“ஹஸ்ரத், ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போமா?” என்றான் மகன்.

வார்ப்பிரும்பு அடி தாங்காது, வெடித்துவிடும். ஓடி முடிந்ததும் சிலிண்டருக்குள் மிஞ்சும் நீராவி குளிர்ந்து தண்ணீராகும். அதை வடித்து எண்ணெய் விடாவிட்டால் கறல் பிடிக்கும். கறல் தான் தின்ற இரும்பை விட அதிக இடம் பிடிப்பது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் இருப்பதோ கடதாசி மொத்தம்கூட இல்லாத இடைவெளி. அது நிரம்பியதும் ஆப்பு அடித்தது போலாகிவிடும். சக்கரத்தைப் பிடித்துத் திருகினாலும் வளைவது இணைப்புத் தண்டுதான்.

முதலில் அந்தத் தண்டுகளைக் கழற்றினோம். பிறகு சிலிண்டரின் முன்மூடியைத் திறந்து, மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலந்து ஊற்றி மூடி வைத்தோம். தினமும் இஷாவுக்குப் பின் புதிதாக ஊற்றுவது மகனின் வேலை. ஐந்தாம் நாளிலிருந்து கொதிநீரில் தோய்த்த துணியைச் சிலிண்டரின் வெளிப்புறத்தில் சுற்றினோம். வெளி இரும்பு முதலில் சூடாகி விரியும், உள்ளே பிஸ்டன் குளிராகவே இருக்கும், எண்ணெய் இறங்க வழி கிடைக்கும். (மண்ணெண்ணெய் பட்டதற்குக் கிட்ட நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள். வெள்ளத்தில் நனைந்து இறுகிய உங்கள் தையல் மெஷினுக்கும் மண்ணெண்ணெயும் பொறுமையும்தான் மருந்து.) தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். நமக்கு ஒன்பது நாள் எடுத்தது. மரக்குச்சியை வைத்து மெல்லத் தட்டியபோது வலப்பக்கப் பிஸ்டன் நகம் அளவு நகர்ந்தது. அப்படியே உள்ளே தள்ளிவிடாமல், முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து எடுத்தோம்.

இடப்பக்கம் அசையவேயில்லை. கராஜிலிருந்து கிறீஸ் பம்ப் ஒன்றை இரவல் வாங்கினோம். மூடியைத் திரும்பப் பூட்டி, நீராவி வரும் துவாரத்தை ஒரு தகட்டால் இறுக்கி அடைத்து, தண்ணீர் வடியும் துவாரம் வழியாகக் கிறீஸை மெதுவாக ஏற்றினோம். காற்றழுத்தம் ஆபத்தானது, பிஸ்டன் குண்டு போலப் பாயும். கிறீஸ் சுருங்காது, தள்ளிவிட்டு நின்றுவிடும். “டக்” என்றொரு சத்தம். ராத்தா குசினியிலிருந்து ஓடிவந்து, “உடைஞ்சிட்டா?” என்று கேட்டார். அல்ஹம்துலில்லாஹ், உடையவில்லை.

உள்ளே சில இடங்களில் கறல் தின்ற குழிகள் இருக்கின்றன. பிஸ்டனுக்குப் புது வளையம் போட வேண்டும். கொதிகலனை இன்னும் பற்றவைக்கவில்லை. வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு குளிர்நீர் அழுத்தத்தில் சோதிக்காமல் பற்றவைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை எண்ணெய் விடும் வேலை இருக்கிறது. தங்கைக்கும் இதில் பங்குண்டு என்று சொன்னதிலிருந்து, அதை இருவரும் வாரம் மாறிச் செய்கிறார்கள்.