நிலம் நடுக்கும் தெய்வத்தின் ஊர்

பச்சகாமாக் தலையைச் சற்றே திருப்பினால் நிலம் நடுங்கும். முழு உடம்பையும் அசைத்துவிட்டால் உலகம் அன்றோடு முடிந்தது. பெரு நாட்டின் கடற்கரை மக்கள் தங்கள் பெருந்தெய்வத்தைப் பற்றி இப்படித்தான் நம்பினார்கள். அந்தத் தெய்வம் அசையாமல் இருக்க வேண்டுமே என்று மலைகளிலிருந்தும் பாலைவனப் பள்ளத்தாக்குகளிலிருந்தும் காணிக்கை சுமந்து நடந்தே வந்தார்கள். தெய்வத்துக்கும் ஊருக்கும் ஒரே பெயர். பெருவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் லிமாவில் விமானம் மாறி நேராக மச்சு பிச்சு போய்விடுகிறார்கள். லிமாவிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் தூரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வழிபாடு நடந்த ஒரு கோயில் நகரம் கிடக்கிறது. எனக்கு மச்சு பிச்சுவைவிட இதைப் பார்க்கத்தான் ஆசை.

அக்டோபர் மாத லிமாவில் வானம் சாம்பலாக இருந்தது. மழை என்று சொல்ல முடியாத, முகத்தில் மட்டும் படுகிற ஒரு தூவானம். நெடுஞ்சாலையின் இருபுறமும் மணல் மேடுகள், அவற்றின் மேல் உச்சிவரை ஏறிய சின்னச் சின்ன வீடுகள். 1971-இல் வெறும் மணலில் குடிசை போட்டுத் தொடங்கிய வில்லா எல் சால்வடார் இன்று பெரிய நகர்ப்பகுதி. மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் உருவாக்கியது. அதைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. ஒரு பக்கம் லூரின் ஆற்றின் பச்சைப் பள்ளத்தாக்கு, மறுபக்கம் பசிபிக் கடல், நடுவே மண் நிறத்தில் சுவர்களும் மேடைகளும். எது மணல் குன்று, எது கோயில் என்று பிரித்தறியக் கண்ணுக்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. பெரும்பாலும் சுடாத செங்கல். மழையே இல்லாத கரை என்பதால்தான் இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது பழைய கோயில். கி.பி. 200 வாக்கில் இங்கே கட்டத் தொடங்கியவர்களை ஆய்வாளர்கள் லிமா பண்பாட்டினர் என்கிறார்கள். கையால் பிடித்த சின்னச் சின்ன மண்கற்கள்; அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல் நெட்டுக்குத்தாக வரிசை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். லிமா நகரத்துக்குள்ளேயே மிராஃப்ளோரஸ் பகுதியில் உள்ள வாக்கா புக்யானா மேட்டிலும் இதே முறையைப் பார்த்திருந்தேன். கற்களுக்கிடையே விட்ட இடைவெளியால் நிலம் ஆடும்போது சுவரும் கொஞ்சம் ஆடி, இடியாமல் நின்றுவிடும். நடுக்கத்தைத் தெய்வமாக வணங்கிய கரையில், நடுக்கத்தைத் தாங்கும் சுவரும் தெரிந்திருந்தது. பக்தியும் கைத்திறனும் ஒரே அச்சத்திலிருந்து பிறந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

லிமா பண்பாட்டினருக்குப் பின், கி.பி. 600-க்கு மேல், மலைநாட்டு வாரிகளின் செல்வாக்கு வந்தது. அதன் பின் உள்ளூர் இச்மா தலைவர்கள் ஆண்டார்கள். சாய்தளம் வைத்த மேடைமாளிகைகள் பலவும் அவர்கள் காலத்தவை. 1470 வாக்கில் இன்காக்கள் வந்தார்கள். பச்சகாமாக் என்ற கெச்சுவா மொழிப் பெயரே அவர்கள் வைத்ததுதான். அதுவரை தெய்வத்தின் பெயரும் இச்மா. வந்தவர்களில் யாரும் முந்தைய தெய்வத்தை அப்புறப்படுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்காக்கள் ஊரிலேயே உயரமான இடத்தில் தங்கள் சூரியக் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். பழைய தெய்வம் கீழே தன் இடத்திலேயே இருந்தது, குறி சொன்னது, காணிக்கை வாங்கியது. பேரரசுக்கும் அந்தக் குறி தேவைப்பட்டது.

அந்தத் தெய்வம் இருந்தது வண்ணக் கோயிலில். படிப்படியாக ஏறும் மேடைகளில் சிவப்பும் மஞ்சளுமாக மீன்களையும் செடிகளையும் மனிதர்களையும் தீட்டியிருந்தார்கள். அகழ்ந்தவர்களுக்கு அங்கே தூரிகைகளே கிடைத்தன. நிறம் மங்க மங்கத் திரும்பத் திரும்பப் பூசியிருக்கிறார்கள். இப்போது கூரை போட்டு, எட்ட நின்று பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். எட்ட நிற்பது அன்றும் வழக்கம்தான். கீழ் முற்றத்துக்குள் நுழையவே இருபது நாள் நோன்பு. மேல் முற்றத்துக்கு ஓர் ஆண்டு நோன்பு என்று ஸ்பானியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கருவறைக்குள் போக எந்த யாத்திரிகருக்கும் அனுமதியில்லை. கேள்வியைப் பூசாரி உள்ளே கொண்டுபோவார், விடையை வெளியே கொண்டுவருவார். அந்தப் பூசாரிகளும் சிலைக்கு முதுகைக் காட்டி, கண்ணைத் தாழ்த்தி, உடம்பெல்லாம் நடுங்கப் பலி கொடுத்தார்கள் என்கிறார் ஸ்பானிய வரலாற்றெழுத்தாளர் பெத்ரோ சியேசா தே லியோன். ஓராண்டு நோன்பிருந்து நெடுவழி நடந்து வந்தவன், தான் கேட்க வந்த ஒற்றைக் கேள்வியை இன்னொருவர் வாயில் ஒப்படைத்துவிட்டு முற்றத்தில் காத்திருந்த நேரத்தை நினைத்துக்கொண்டு அங்கே நின்றேன். மகன் பிழைப்பானா, மழை வருமா, நிலம் பொறுக்குமா. வேறென்ன கேட்டிருக்கப் போகிறான்.

சிலை இப்போது வளாகத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே மரத்தில் செதுக்கிய கம்பம், 2.34 மீட்டர் உயரம், இரு கைகளாலும் சுற்றிப் பிடித்துவிடக்கூடிய பருமன். 1938-இல் ஆல்பர்ட் கீசெக் கண்டெடுத்தது. உச்சியில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரண்டு உருவங்கள். எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு முகம் நம்மைப் பார்க்கிறது. அதற்குக் கீழே விலங்குகளும் மனித உருவங்களும் நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மரத்தின் காலத்தைக் கணித்தபோது எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டு என்று வந்தது. அதாவது இன்காக்கள் முதன்முதலில் இதன்முன் நின்றபோதே இதற்கு அறுநூறு வயது. 2020-இல் வெளியான ஆய்வு இதில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு வண்ணங்களின் எச்சத்தைக் கண்டுபிடித்தது. சிவப்பு, பாதரசம் கலந்த இங்குலிகம். அது கிடைக்கும் இடம் ஏறத்தாழ 380 கிலோமீட்டர் தள்ளி, மலைமேல் உள்ள வாங்கவெலிக்கா. சக்கரமும் குதிரையும் இல்லாத நாட்டில், ஒரு மரக்கம்பத்துக்குச் சிவப்புப் பூச அவ்வளவு தூரம் போய் வந்திருக்கிறார்கள்.

இந்தத் தெய்வத்தோடு நேருக்கு நேர் சண்டை போட்ட ஒரே பக்தன் அதாவால்பா. 1532 நவம்பரில் ஸ்பானியர்கள் அந்த இன்கா அரசனைக் கஹாமார்க்காவில் பிடித்தார்கள். விடுதலைக்கு விலையாக ஓர் அறை நிறையத் தங்கம் தருவதாக அவன் சொன்னான். தங்கம் எங்கே கிடைக்கும் என்றபோது பச்சகாமாக் கோயிலைக் கைகாட்டியவனும் அவன்தான். அவனுக்கு அந்தத் தெய்வத்தின் மேல் தீராத கோபம். நோயில் கிடந்த தன் தந்தை வாய்னா கபாக் பிழைக்க என்ன வழி என்று கேட்டபோது, வெயிலில் கொண்டுபோய் வையுங்கள் என்று குறி வந்தது, வைத்தார்கள், இறந்துபோனார். அவனுக்கும் சகோதரன் வாஸ்கருக்கும் நடந்த போரில் வாஸ்கர் வெல்வான் என்றது; வென்றது அதாவால்பா. கிறிஸ்தவர்களை நீ வெல்வாய் என்றது. அவன் இப்போது சிறையில். மூன்று பொய் சொன்னது எப்படித் தெய்வமாகும் என்று, கோயிலின் பூசாரியைத் தன்முன் வைத்துக்கொண்டே கேட்டான், அவனுக்குச் சங்கிலியும் போடச் சொன்னான். சிறைக்குள் இருக்கும் அரசனால் வேறு யாரைத் தண்டிக்க முடியும்? இந்தச் செய்தியைப் படித்தபோதெல்லாம் எனக்கு அவன்மேல் இரக்கம்தான் வந்தது.

1533 ஜனவரித் தொடக்கத்தில் ஸ்பானியத் தளபதி எர்னாந்தோ பிசாரோ சுமார் இருபது குதிரைவீரர்களோடு புறப்பட்டு இங்கே வந்தான். பூசாரிகள் தடுத்தும் கேட்காமல் மேலே ஏறினான். உடன் வந்த மிகேல் தே எஸ்தேதே கண்டதை எழுதியிருக்கிறார்: பவழமும் நீலக்கல்லும் பளிங்கும் பதித்த கதவு, அதைத் திறந்தால் இருண்ட, நாற்றமடிக்கும் சிறு அறை, நடுவே தரையில் நட்ட ஒரு மரக்கம்பம், உச்சியில் சரியாகச் செதுக்காத மனித உருவம். பக்கங்களில் காணிக்கையாகக் கொஞ்சம் பொன். இதற்காகவா இவ்வளவு என்ற அவர்களின் ஏமாற்றம் எழுத்தில் அப்படியே தெரிகிறது. பெரும்பொன்னைப் பூசாரிகள் முன்பே ஒளித்துவிட்டிருந்தார்கள். எஸ்தேதேயின் குறிப்பு இல்லாவிட்டால் அந்த அறையைப் பற்றி நமக்கு இவ்வளவு விவரம் கிடைத்திருக்காது. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பொன்னின் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு, வாங்கவெலிக்காவிலிருந்து வந்த சிவப்பு கண்ணில் படவில்லை. பிசாரோ அறையை இடிக்கச் சொன்னான், கூடியிருந்தவர்கள் முன்னால் சிலையை உடைத்தான், அந்த இடத்தில் சிலுவை நட்டான். நிலம் நடுங்கும் என்று காத்திருந்தவர்கள் முன்னால், அன்று நிலம் அசையவில்லை. 1938-இல் வேறொரு சிலை கிடைத்ததிலிருந்து, கோயிலில் ஒன்றுக்கு மேற்பட்ட சிலைகள் இருந்தன என்பது தெரிகிறது.

சூரியக் கோயிலின் படிகளில் ஏறும்போது மனம் வேறு மாதிரி ஆகிவிட்டது. 1896-இல் மாக்ஸ் ஊலே என்ற ஜெர்மானியர் இந்த ஊரில் தோண்டினார். எந்த அடுக்குக்குக் கீழே எந்தக் கலையின் பாண்டங்கள் கிடைக்கின்றன என்று பார்த்து ஆண்டிஸ் வரலாற்றுக்கு முதல் காலவரிசையை அமைத்தவர்களில் அவர் முக்கியமானவர். அவரேதான் சூரியக் கோயிலின் ஒரு மேடையில் பெண்களின் இடுகாட்டையும் கண்டார். பலியாக, கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள். நெரித்த பருத்தித் துணி கழுத்திலேயே இருந்தது. சற்றுத் தள்ளி, சூரியனுக்கென்று தேர்ந்தெடுத்த பெண்கள் நெசவு நெய்தும் சோள மது காய்ச்சியும் வாழ்ந்த மாமகோனா மாளிகை, பெருவின் தொல்லியலாளர் ஹூலியோ தெய்யோ புதுப்பித்தது, அழகாக நிற்கிறது. படம் எடுப்பவர்கள் எல்லோரும் அங்கேதான் கூடுகிறார்கள். என்னால் அங்கே நெடுநேரம் நிற்க முடியவில்லை. அச்சம் பக்தியைப் பெற்றெடுக்கும், கைத்திறனைப் பெற்றெடுக்கும், இதையும் பெற்றெடுக்கும்.

உச்சியில் நின்றால் கடல். கரைக்கு எட்டத்தில் பாறைத் தீவுகள். வாரோசிரி மலைப்பகுதி மக்களின் கதைகளைப் பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கெச்சுவா மொழியில் எழுதிய ஓர் ஏடு உண்டு. அதில் வரும் கவியாகா தன் குழந்தையோடு கல்லானது இந்தக் கடலில்தான். கந்தலணிந்த குனிராயா என்ற தெய்வம் தன் விந்தை ஒரு பழத்தில் வைத்து அவள் உண்ணச் செய்தது. தகப்பன் யாரென்று தெரிந்ததும், இந்தப் பரதேசிக்கா பெற்றேன் என்று வெட்கி அவள் கடலுக்கு ஓடினாள். துரத்தி வந்த குனிராயா, பச்சகாமாக்கின் மனைவி குளத்தில் வளர்த்துவந்த மீன்களை ஆத்திரத்தில் கடலில் கொட்டிவிட்டானாம். கடலில் மீன் வந்த கதை அது.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்துத்தான் பலரும் லிமாவுக்குத் திரும்புகிறார்கள். எனக்கு மீதிக் கதைதான் முக்கியம். எர்னாந்தோவின் அண்ணன் பிரான்சிஸ்கோ பிசாரோ 1535-இல் லிமாவை நிறுவுவதற்கு முன் இடம் பார்க்க ஆட்களை அனுப்பியது பச்சகாமாக்கில் இருந்தபடிதான். புது நகரத்தின் ஒரு மூலையில் பச்சகாமாக்கிலிருந்து வந்த குடிகள் தங்கினார்கள். அந்தப் பகுதிக்குப் பச்சகாமியா என்றே பெயர். ஆப்பிரிக்க அடிமைகளும் அங்கே வாழ்ந்தார்கள். 1651-இல் அங்கோலாவைச் சேர்ந்த ஓர் அடிமை அங்கே ஒரு மண்சுவரில் சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவைத் தீட்டினார் என்பது மரபு. 1655 நவம்பர் 13-இல் பெரும் நடுக்கம். சுற்றிலும் எல்லாம் விழ, அந்தச் சுவர் மட்டும் நின்றது. திருச்சபை முதலில் படத்தை அழிக்க உத்தரவிட்டது. அழிக்க ஏணியில் ஏறியவனுக்குக் கைகால் நடுங்கியது என்கிறார்கள். 1687 அக்டோபர் 20-இல் மீண்டும் நிலம் ஆடியபோது படத்தின் நகலைத் தெருவுக்குத் தூக்கி வந்தார்கள். 1746 அக்டோபர் 28-இன் நடுக்கத்தில் சுமார் 3,000 வீடுகளில் இருபத்தைந்துதான் மிஞ்சின. அற்புதங்களின் ஆண்டவர் என்று பெயர்பெற்ற அந்தப் படத்தின் ஊர்வலம் அன்றிலிருந்து அக்டோபரின் பெருவிழாவாக வேரூன்றிவிட்டது.

அந்த ஊர்வலத்துக்காகத்தான் நான் அக்டோபரைத் தேர்ந்தெடுத்தேன். தெருவெங்கும் ஊதா. வெள்ளைத் துணியால் தலையை மூடிய பெண்கள் தூபக்கலசத்தோடு, படத்துக்கு முதுகு காட்டாமல், பின்னோக்கியே நடக்கிறார்கள். நடைபாதையில் தோன்யா பெப்பா என்ற பெயருள்ள பாகு மிட்டாயை அடுக்கி வைத்து விற்கிறார்கள். என் பக்கத்தில் நின்ற பாட்டி 1974-ஐ நினைவுகூர்ந்தார். அதுவும் அக்டோபர், மூன்றாம் தேதி, காலை நேரம். "தெருவுக்கு ஓடிவந்து எல்லோரும் மண்டியிட்டோம், ஐயா. இவர் பெயரைத்தான் கத்தினோம்" என்றார். பச்சகாமாக் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துப் போனார்கள், அவன் சொல்லித்தான் தெரியும் என்றார்.

கடற்கரைத் தெய்வத்தின் வழிபாடே இந்த ஆண்டவர் வழிபாட்டில் தொடர்கிறது என்று வரலாற்றாசிரியர் மரியா ரோஸ்ட்வொரோவ்ஸ்கி 1992-இல் ஒரு நூலே எழுதினார். அந்தக் கூட்டத்தில் நின்றபோது எனக்கு அதில் ஐயமே எழவில்லை. மண்சுவர், நடுக்கம், பச்சகாமாக்கின் பெயர் சுமந்த குடியிருப்பு, அச்சத்தில் நடந்து வரும் கூட்டம், எதுவும் மாறவில்லை. தேர்போல் தோளில் தூக்கி வரும் அந்தப் படத்தின் பின்புறத்திலும் இன்னொரு படம் இருக்கிறது. முன்னால் சிலுவையில் கிறிஸ்து. முதுகுப்புறம் மேக மாதா, பிற்காலத்தில் சேர்த்தது. அருங்காட்சியகத்துக் கம்பத்துக்கு இருந்ததுபோல இதற்கும் இரண்டு முகம். இதை ஒரு சான்றாக நான் முன்வைக்கவில்லை. ஆனால் அன்று படம் எங்களைக் கடந்து போன பிறகும் யாரும் கலையவில்லை. முன்பக்கத்தை எட்டிப் பார்க்க முடியாமல் நெரிசலில் தவித்த பாட்டி, படம் தாண்டியதும் கைகூப்பி நிமிர்ந்தார். மாதா அவரைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தாள்.