என் பிழைக் குறிப்பேடு

(பத்தாம் வகுப்பு மாணவி)



ஆங்கிலத்தில் பேசும்போதும் எழுதும்போதும் நாம் செய்கின்ற பிழைகளைப் பற்றி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சிஸ்டர் கேட்டவுடன், எங்கள் வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில், பிறர் செய்யும் பிழைகளை எழுதி வைப்பதற்கென்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தவள் நான். பழுப்பு அட்டை போட்டு, சிவப்பு மையால் 'பிழைகள்' என்று தலைப்பும் எழுதியிருந்தேன். அப்போது நான் ஆங்கில மன்றத்தின் செயலாளர். பதவி வந்தால் தலை சற்றுக் கனத்துப் போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வளாகத்திற்குள் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று ஒரு வாரம் அனுசரித்தோம் அல்லவா, அந்த வாரத்தில் என் நோட்டுக்கு நல்ல அறுவடை. "புட் தி ஃபேன், மிஸ்!" "ஒய் யூ ஆர் கிரையிங்?" "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் இஸ் ஆப்சென்ட்." "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்." "ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி." "ஷீ இஸ் மை கசின் சிஸ்டர்." இப்படியே எண் போட்டு எழுதியதில் ஐந்து நாட்களில் எண்பத்தேழு சேர்ந்துவிட்டன. வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டத்தில் அவற்றை வாசித்தேன். பெயர் எதையும் சொல்லவில்லை. ஆனால் யார் சொன்னது என்பது எல்லோருக்கும் தெரியும். சொன்னவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதில்தான் பாதி வேடிக்கையே இருந்தது.

நாற்பத்தோராவது பிழையாக நான் வாசித்தது, "எஸ்ங் சிஸ்டர்" என்பது.

அதைச் சொன்னவள் என் பெஞ்சிலேயே, எனக்கு வலப்பக்கம் அமர்ந்திருந்தவள். எட்டாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவள். அவள் அப்பா தறி ஓட்டுகிறார். அவள் யாரிடம் எதைச் சொன்னாலும் அதன் வாலில் ஒரு 'ங்' இருக்கும். "தேங்க்ஸுங் மிஸ்", "நோங் சிஸ்டர்" என்பாள். நான் அவளைப் போலவே குரலை இறக்கி வாசித்துக் காட்டினேன். அறையே அதிர்ந்தது. அவளும் சிரித்தாள். அதனால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. வருகைப் பதிவின்போது பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று கையை உயர்த்துவாள். பாடம் வாசிக்கச் சொன்னால் தொண்டை கட்டியிருப்பதாகச் சைகை காட்டுவாள். முதல் வாரம் நம்பினார்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்ததால், காலாண்டுத் தேர்வுக்கு முன் நடந்த வாய்மொழித் தேர்வில் அவளுக்குப் பத்துக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. என்னோடு பேசாமல் இல்லை. ரப்பர் கேட்பாள், தண்ணீர் பாட்டிலை நகர்த்தச் சொல்வாள். அவ்வளவுதான்.

ஒரு நாள் தமிழ்ப் பாட வேளையில் மடியில் வைத்து அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது தமிழம்மாவிடம் அகப்பட்டுக்கொண்டேன். இரண்டு பக்கம் பொறுமையாகப் படித்தார்கள். திட்டுவார்கள் என்று தலைகுனிந்து நின்றேன். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கறே. பக்கத்துலே ஒரு கோடு போட்டு, அந்தப் பொண்ணுங்க மனசுலே தமிழ்லே என்ன நெனச்சாங்களோ அதையும் எழுதிக் கொண்டா அம்மிணி" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று இரவு கோடு போட்டு எழுத உட்கார்ந்தேன். 'புட் தி ஃபேன்' என்பதற்கு எதிரே 'ஃபேனைப் போடுங்கள்' என்று எழுதினேன். தமிழில் அது பிழையே இல்லை. சட்டை போடுகிறோம், சோறு போடுகிறோம், கோலம் போடுகிறோம், சண்டை போடுகிறோம். இத்தனை வேலை செய்யும் 'போடு' விளக்கையும் மின்விசிறியையும் மட்டும் விட்டுவைக்குமா? 'ஒய் யூ ஆர் கிரையிங்' என்றால் 'ஏன் நீ அழுகிறாய்'. கேள்வி கேட்பதற்காக நாம் வினைச்சொல்லை முன்னே தூக்கி வைப்பதில்லை. ஆங்கிலேயர் 'ஆர்' என்பதை எழுப்பி 'யூ'வுக்கு முன்னால் உட்கார வைக்கிறார்கள். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பது 'என் தோழி ஒருத்தி'. ஒருத்திதானே, பிறகு எதற்குப் பன்மை? 'டென் ருபீ' என்பது 'பத்து ரூபாய்'. பத்து என்று எண்ணைச் சொன்ன பிறகு ரூபாய்கள் என்று நம் ஊர் மளிகைக் கடையில் யாராவது கேட்கிறார்களா?

'ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி' எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. 'நேற்றுத்தான் வந்தேன்.' அந்தத் 'தான்' ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக இல்லை. பெரும்பாலும் குரலை அழுத்தித்தான் காட்ட வேண்டும். நமக்கோ அதைச் சொல்லாமல் விட மனம் வராது, 'ஒன்லி'யைப் பிடித்துக்கொள்கிறோம். 'நவ் இட்செல்ஃப்' என்பதும் 'இப்போதே' என்பதில் உள்ள ஏகாரம்தான். இலக்கண வகுப்பில் தேற்ற ஏகாரம் என்று மனப்பாடம் செய்தேனே, அது இங்கே ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது! 'கசின் சிஸ்டர்' கதையும் இப்படியே. மாமன் மகளும், சித்தி மகளும், பெரியப்பா மகனும் எல்லோரும் ஒரே 'கசின்' என்று ஆங்கிலம் சொன்னால், யாரை அக்கா என்று அழைப்பது, யாரை மச்சான் என்று அழைப்பது என்பதே தெரியாமல் போகும் நமக்கு மூச்சு முட்டாதா?

எழுத எழுத எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வேறொன்று பிடித்துக்கொண்டது. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூலு' என்று எங்கள் அப்பத்தா சொல்வதை நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது, ர, ல போன்றவையும் மொழிக்கு முதலில் வாரா என்று நமக்குப் பாடத்திலேயே இருக்கிறது. அதனால்தான் இராமன், இலக்குவன், உரோமாபுரி என்றெல்லாம் முன்னே ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அதை இலக்கணம் என்கிறோம். அப்பத்தா அதையே செய்தால் பிழை என்கிறோம்!

நம் கோவில்களையே பாருங்கள். ஃபிரான்சிஸ் சேவியர் நமக்குச் சவேரியார். இக்னேஷியஸ் இஞ்ஞாசியார். ஜோசப் சூசையப்பர். பழைய செபப் புத்தகங்களில் ஜான் அருளப்பர், பீட்டர் இராயப்பர். அந்தப் பெயர்களைச் சொல்லி வேண்டிக்கொண்ட நம் பாட்டிமார்களின் செபத்தை உச்சரிப்புப் பிழை என்று யாரும் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை.

இத்தாலி நாட்டிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த வீரமாமுனிவரைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். தேம்பாவணியும் சதுரகராதியும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் மக்கள் பேசும் தமிழுக்கும் இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார் என்பதும், அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று என்பதும் எனக்குத் தமிழம்மா சொல்லித்தான் தெரியும். புதிதாக வரும் குருமார்கள் மக்களோடு பேசிப் பழக வேண்டும் என்பதற்காக எழுதியது அது. அவரும் தெருவில் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதியிருப்பார். நானும் காது கொடுத்துக் கேட்டுத்தான் எழுதினேன். இரண்டு நோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்தபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஆங்கிலேயர் மட்டும் நம் சொற்களைப் பிழையில்லாமல் சொன்னார்களா என்ன? கட்டுமரத்தைக் 'கேட்டமரான்' ஆக்கினார்கள். மிளகுத்தண்ணீரை 'மல்லிகடானி' ஆக்கினார்கள். தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆனது, தரங்கம்பாடி 'டிராங்கிபார்' ஆனது. நம் கோயம்புத்தூரும் 'கோயம்பட்டூர்' ஆகி, வெளியூர்க்காரர்கள் பலரும் இன்றும் அப்படியே வாசிக்கிறார்கள். 2020 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுத்துக்கூட்டல் சரியாக வரவில்லை என்று ஏகப்பட்ட பேச்சு. ஒரு மொழியின் ஒலியை இன்னொரு மொழியின் எழுத்தில் அடைப்பது பெரியவர்களுக்கே அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

ஆனால் எல்லாப் பிழைக்கும் தமிழே காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது, தோழியரே. 'ஐ டிட் நாட் வென்ட்' என்று என் நோட்டில் ஒன்பது இடங்களில் இருந்தது. தமிழில் 'போகவில்லை' என்கிறோம். 'போனேனில்லை' என்றா பேசுகிறோம்? தமிழை அப்படியே பின்பற்றியிருந்தால்கூட 'டிட் நாட் கோ' என்று சரியாக வந்திருக்கும். அதற்கு எதிரே எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன். அது கவனக்குறைவு. தேர்வில் மதிப்பெண் போனால் போனதுதான்.

நாற்பத்தோராவது பிழைக்கு வந்தேன். 'எஸ்ங் சிஸ்டர்.' எதிரே 'சரிங்க சிஸ்டர்' என்று எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நம் கொங்குச் சீமையில் பெரியவர்களிடம் 'ங்' இல்லாமல் பேசினால் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். ஆங்கிலத்தில் தெருவில் போகிறவருக்கும் 'யூ', சிஸ்டருக்கும் 'யூ'. அந்த மொழியிலும் முற்காலத்தில் நெருங்கியவருக்கு 'தௌ', மரியாதைக்குரியவருக்கு 'யூ' என்று இரண்டு இருந்தன. பின்னால் ஒன்று பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. இயேசு கற்பித்த செபத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது இறைவனை நோக்கி 'தை' என்கிறோமே, அது அந்தப் பழைய 'தௌ'வின் உறவுதான். ஆக, என் தோழிக்கு ஆங்கிலம் தெரியாமல் 'ங்' வரவில்லை. மரியாதையை எங்கே வைப்பது என்று அந்த மொழியில் இடம் கிடைக்காததால், கையோடு கொண்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்கவில்லை. "ஸ்கேல் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்படியே ஒரு வாரம் ஓடியது.

பிறகு ஒரு கணக்கு வேளை. மிஸ் ஒவ்வொருவரிடமும் வரைபட நோட்டை வாங்கிக்கொண்டே வந்தார்கள். நான் அதை வீட்டில் மேசைமேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். "டிடின்ட் யூ பிரிங் யுவர் கிராஃப் நோட்?" என்று கேட்டார்கள். "எஸ், மிஸ்" என்றேன். மிஸ் கையை நீட்டினார்கள். நான் மறுபடியும் "எஸ், மிஸ்" என்றேன். கை நீட்டியபடியே இருக்கிறது. நோட்டோ என் வீட்டில் இருக்கிறது. மிஸ்ஸின் முகம் சிவக்கத் தொடங்கியது. நான் வேண்டுமென்றே விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். பயத்தில், "ஐ டிட் நாட் பிராட், மிஸ்" என்று உளறினேன்.

"தென் ஒய் டிட் யூ சே எஸ்?"

எனக்கு நாக்கு எழவில்லை. நாக்கு எழாமல் இருப்பது எப்படியிருக்கும் என்பது அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அப்போது என் வலப்பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஷீ இஸ் சேயிங் எஸ் ஃபார் நாட் பிரிங்கிங்ங் மிஸ். இன் தமிழ் வி சே லைக் தட் ஒன்லிங்."

எத்தனை பிழைகள் இருக்கின்றன என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், நான் எண்ணவில்லை. மிஸ்ஸுக்கு உடனே விளங்கிவிட்டது. "கொண்டு வரவில்லையா?" என்று கேட்டால் நாம் "ஆமாம், கொண்டு வரவில்லை" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்திலோ கொண்டு வரவில்லை என்றால், கேள்வி எப்படி இருந்தாலும் 'நோ'தான். மிஸ் சிரித்துவிட்டு, அடுத்த நாள் கொண்டு வரும்படி சொல்லி நகர்ந்தார்கள். வகுப்பில் வேறு யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை என்று நினைக்கிறேன்.

இடைவேளையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை உண்மையாகவே கேட்டேன். அவள் பதிலொன்றும் சொல்லாமல், "அந்த நோட்டைக் குடு" என்றாள். கொடுத்தேன். நான் போட்டிருந்த கோட்டையும், எதிரே எழுதியிருந்த தமிழையும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். நாற்பத்தொன்றில் சற்று நின்றாள். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய், எண்பத்தெட்டு என்று எண் போட்டு, 'எஸ், மிஸ். ஐ டிட் நாட் பிராட்' என்று என் பிழையைத் தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதினாள். எதிரே தமிழில், 'ஆமாங் மிஸ், கொண்டு வரலைங்' என்று எழுதினாள்.

"நான் 'ங்' போட்டுச் சொல்லலையே" என்றேன்.

"போட்டிருக்கோணுமில்ல?" என்றாள்.