கல்லீரல் விடுக்கும் ஓலை

சென்ற கோடை விடுமுறையில் யான் இல்லம் சேர்ந்தபோது, என் அன்னையார் காசநோய்க்கு மருந்துண்ணத் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. காலைதோறும் மாத்திரைகளை எண்ணிக் கொடுப்பது என் பணியாயிற்று. சின்னாளில் அவர்கள் உணவை வெறுத்தார்கள், குமட்டுகின்றது என்றார்கள். மருந்துக்கு அஞ்சிக் கூறும் சாக்கென்றெண்ணி, "அம்மா, சிறு பிள்ளைபோல் அடம் பிடிக்கலாமா?" என்று கடிந்து, மேலும் ஐந்து நாள் விழுங்கச் செய்தேன். ஆறாம் நாள் காலை, சன்னலருகே அவர்கள் முகந்திருப்பியபோது கண்களின் வெண்மை மஞ்சளாயிருக்கக் கண்டேன்.

மருத்துவர் குருதியைச் சோதிப்பித்தார். கல்லீரலின் உயிரணுக்களுள் ஏ.எல்.டி. என்னும் நொதியொன்று உண்டு. அணு சிதைந்தால் அது குருதியிற் கசியும். ஏறக்குறைய 40 அலகுக்குள் இருக்கவேண்டிய அது, அன்று 400ஐக் கடந்திருந்தது. அன்னையார் உண்ட நான்கு மருந்துகளுள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் ஈரலை வருத்த வல்லனவாம். குமட்டல் முதலிய குறிகளோடு நொதி மும்மடங்கு ஏறினாலே அவற்றை நிறுத்தவேண்டும் என்பது விதி. யானோ அக்குறியைக் கேட்டும் கடிந்தேன்!

1950களில் வழக்கிற்கு வந்த இந்நொதிச் சோதனையிலும் குறையுண்டு. தசை நொந்தாலும் நொதி ஏறும். ஈரல் புண்பட்ட பின்னரே செய்தி வரும். ஆதலின் அறிஞர் வேறு குறிகளை நாடுகின்றனர். மைக்ரோ ஆர்.என்.ஏ. 122 என்பது பெரிதும் ஈரலிலேயே உறைவது. பாரசிட்டமாலை அளவிறந்து உண்டு மருத்துவமனைக்கு வந்தோரிடம், ஏ.எல்.டி. இயல்பாயிருந்தபோதே இஃது உயர்ந்து பின்வரும் கேட்டை முன்னறிவித்தமை 2013இல் வெளியான ஆராய்ச்சியொன்றிற் காணப்பட்டது. குளூட்டமேட் டீஹைட்ரஜனேஸ் தசையில் மிகக் குறைவாதலின், நொந்தது ஈரலோ தசையோ என்னும் ஐயத்தை அறுக்கும். கெரட்டின் 18 என்னும் புரதமோ, முழுதாய் வந்தால் அணு உடைந்து மாண்டதென்றும், துண்டாய் வந்தால் தானே ஒடுங்கி மாண்டதென்றும் உணர்த்துமாம். ஓரெழுத்துத் திரிந்தாற் பொருள் திரியும் இலக்கணத்தில் உழலும் எனக்கு இது பெருவியப்பாயிற்று. எங்களூர்ச் சோதனைச்சாலையில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

மருந்துகள் நிறுத்தப்பட்டன. ஈரலுக்கு ஓய்வு, காசத்திற்கும் அன்றோ ஓய்வு? அன்னையார் இருமிய இரவுகளில் யான் உறங்கிற்றிலேன். நொதி தணிந்தபின் முதலில் ரிஃபாம்பிசினும், சின்னாள் கழித்து ஐசோனியசிட்டும், ஒவ்வொன்றின் பின்னும் குருதியைப் பார்த்துப் பார்த்துத் தரப்பட்டன. பைரசினமைடு கைவிடப்பட்டது.

இப்போது விடுதியிலிருந்து தொலைபேசியில் அழைக்குந்தோறும், யான் வினவுமுன்னரே, "சாப்பிட்டேன் ஐயா, குமட்டவில்லை" என்கிறார்கள்.