கடலுக்கு முதுகு காட்டிய ஆறு

கினி நாட்டு மலைகளில், சியரா லியோன் எல்லையோரம், நைஜர் ஆறு பிறக்கும் இடத்திலிருந்து அட்லாண்டிக் கடல் சுமார் 240 கிலோமீட்டர்தான். ஆறு அந்தப் பக்கம் இறங்கவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி, வடகிழக்கே சகாராவை நோக்கி நடக்கிறது. பாலைவனத்தின் விளிம்பைத் தொட்ட பிறகே தென்கிழக்காக வளைகிறது. 4,180 கிலோமீட்டர் சுற்றி, நைஜீரியாவின் கரையில் அதே அட்லாண்டிக்கில் விழுகிறது.

இந்தச் சுற்றுவழியால்தான் மேற்கு ஆப்பிரிக்காவின் உள்நாடு வாழ்கிறது. மழை கினியில் பெய்கிறது. பசி தீர்வது மாலியிலும் நைஜர் நாட்டிலும்.

ஆற்றின் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். மாண்டிங் மொழிக்காரர்களுக்கு அது ஜோலிபா. சோங்காய்களுக்கு இசா பெர், பெரிய ஆறு. துவாரெக் மக்கள் அதை ஆறுகளின் ஆறு என்கிறார்கள். யோருபாவில் ஓயா, காற்றுக்கும் புயலுக்கும் உரிய தெய்வத்தின் பெயரும் அதுவே.

மாலியின் தலைநகர் பமாக்கோவைக் கடந்தால் செகு. 1796 ஜூலையில் ஸ்காட்லாந்துக்காரர் மங்கோ பார்க் இங்கே வந்துதான் ஆறு கிழக்கே ஓடுவதைக் கண்ணால் கண்டார். ஐரோப்பாவில் பலர் அதுவரை மேற்கே ஓடுவதாக நம்பியிருந்தார்கள். கரையில் வாழ்ந்த பம்பாரா உழவர்களைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

செகுவுக்குக் கீழே மார்க்கலா அணை. பிரெஞ்சு ஆட்சியில் கட்டாய உழைப்பால் எழுந்து 1947-ல் முடிந்தது. அதைத் தாண்டியதும் ஆறு கரையை உதறிவிடுகிறது. நூறு கிளைகளாகப் பிரிந்து, ஏரிகளாகவும் சதுப்பாகவும் விரிகிறது. கடலே இல்லாத இடத்தில் ஒரு டெல்டா. இந்தப் பயணத்தில் என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை கினியில் பெய்த மழை, மோப்தி நகரை எட்டும்போது உள்ளூரில் மழைக்காலம் முடிந்திருக்கும். வானம் வெளுத்திருக்கையில் நிலம் நிறைகிறது. ஆப்பிரிக்காவுக்கே உரிய நெல், ஆசிய நெல்லோடு தொடர்பில்லாமல் தனியாக மனிதர் பழக்கிய நெல், இந்தச் சேற்றில்தான் பயிராகியிருக்க வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அதில் ஒரு வகை, வெள்ளம் ஏற ஏறத் தண்டை நீட்டித் தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்துக்கொள்ளும். வெள்ளத்தில் விளையும் நம்மூர் மடுமுழுங்கி நெல்லை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அறுவடைக்குத் தோணியில்தான் போகிறார்கள்.

ஒரே நிலத்துக்கு மூன்று உரிமைக்காரர்கள். வெள்ளம் நிற்கும்போது போசோ மீனவர்களுக்கு வலை வீசும் இடம். உழவர்களுக்கு வயல். வடிந்த பிறகு ஃபுலானி ஆயர்களுக்கு மேய்ச்சல். நீரில் மிதந்து வளரும் பூர்கு என்ற புல், வறண்ட மாதங்களில் மாடுகளைக் காக்கிறது. யார் எப்போது எந்த வழியாக மந்தையை ஓட்டலாம் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் மாசினா அரசை நிறுவிய சேகு அமாது ஒழுங்குபடுத்தினார். தியாஃபராபே ஊரில் ஆண்டுதோறும் நீர்மட்டத்தைப் பார்த்து நாள் குறிப்பார்கள். வறண்ட வடக்கில் மாதக்கணக்கில் அலைந்து திரும்பிய மந்தைகள் அன்று ஆற்றில் இறங்கி நீந்தும். அக்கரையில் குடும்பங்கள் காத்திருக்கும்.

துணையாறான பானியின் பக்கம் ஜென்னே நகர். 1907-ல் இன்றைய வடிவில் எழுந்த அதன் மண் மசூதிக்கு ஆண்டுக்கொருமுறை ஊரே திரண்டு சேறு பூசுகிறது. ஆறு கொண்டுவந்த வண்டல்தான் சுவர்.

டெல்டாவில் நீரின் பெரும் பகுதி ஆவியாகியும் மண்ணுக்குள் இறங்கியும் போகிறது. மிச்சம் டிம்பக்டுவைச் சேர டிசம்பர், ஜனவரி ஆகும். தவுதெனிச் சுரங்கத்தின் உப்புப் பாளங்கள் ஒட்டகத்தில் வந்து, இந்தக் கரையில் படகுக்கு மாறும். உப்பும் தானியமும் கைமாறிய இடத்தில் ஏடுகளும் சேர்ந்தன. 2012-ல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, அந்தக் கையெழுத்துச் சுவடிகளில் பெரும்பாலானவற்றை ஊர்க்காரர்கள் பெட்டிகளில் மறைத்துப் பமாக்கோவுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். அன்று மூண்ட போர் இன்னும் ஓயவில்லை. இந்தப் பகுதி பயணிகளுக்கு இப்போது ஏற்றதல்ல.

பூரெமில் ஆறு தெற்கே திரும்புகிறது. ஒரு காலத்தில் மேலாறு வடக்கே உள்நாட்டு ஏரியில் கலந்து முடிந்தது, கீழாறு தனியாக ஓடியது, பின்னர் இரண்டும் இணைந்தன என்பது நிலவியலாளர் தரும் விளக்கம். வளைவுக்குக் கீழே, சோங்காய்ப் பேரரசின் தலைநகரான காவோ. பிறகு நைஜர் நாட்டின் நியாமே. அங்கிருந்து பெனின் எல்லையோரம் போய் நைஜீரியாவில் நுழைகிறது.

நைஜீரியக் கரையில் இரண்டு வெள்ளங்கள் உண்டு. உள்ளூர் மழையால் கலங்கி வருவது வெள்ளை வெள்ளம். மாலியின் டெல்டாவில் வண்டலையெல்லாம் இறக்கிவிட்டுத் தெளிந்து, மாதங்கள் பிந்தி, வறண்ட பருவத்தில் வருவது கறுப்பு வெள்ளம். கினியில் பெய்த மழை அதுதான். 1968-ல் முடிந்த கைஞ்சி அணை இரண்டையும் பிடித்து மின்சாரமாக்குகிறது. 1806-ல் மங்கோ பார்க் உயிரிழந்த புசா நீர்விரைவு அதன் நீர்த்தேக்கத்தின் அடியில் மூழ்கிக் கிடக்கிறது.

லோகோஜாவில் பெனுவே வந்து சேர்கிறது. ஒனிட்சாவின் பெருஞ்சந்தையைத் தாண்டினால் அலையாத்திக் காடு. ஐரோப்பியக் கப்பல்கள் இந்த ஆற்று முகத்துவாரங்களில் நூற்றாண்டுகளாக அடிமைகளையும் பனையெண்ணெயையும் வாங்கிச் சென்றன. நைஜர் இங்கேதான் முடிகிறது என்பது அவர்களுக்குத் தெளிந்தது, 1830-ல் லாண்டர் சகோதரர்கள் படகில் வந்து சேர்ந்தபோதுதான்.

இந்தக் கழிமுகத்தின் ஒலோய்பிரியில் 1956-ல் பெட்ரோலியம் கிடைத்தது. அதன் பிறகு குழாய்கள் கசிந்து ஓடைகளில் எண்ணெய் படர்ந்தது. மீனும் நண்டும் வளர்த்த அலையாத்தி வேர்கள் பல இடங்களில் கருகின. அந்த அநியாயத்தை எதிர்த்து எழுதிய, போராடிய ஒகோனி இன எழுத்தாளர் கென் சாரோ-விவாவை 1995-ல் ராணுவ அரசு தூக்கிலிட்டது. ஆற்றின் கடைசிக் கிளைகளின் கரையில் இன்றும் இஜோ மக்கள் வாழ்கிறார்கள். கினி மலைகளின் நீர் அவர்கள் வாசலைத் தொட்டுத்தான் கடலுக்குப் போகிறது. எண்ணெய் படர்ந்த ஊர்களில் குடிக்க, கூரையில் விழும் மழையை வாளியிலும் பீப்பாயிலும் பிடித்து வைக்கிறார்கள்.