பெரியப்பாவின் புல்லட்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் செல்லும் மின்சார ரயிலில் திருநின்றவூரைத் தாண்டியதும் வரும் நிலையம் வேப்பம்பட்டு. அதுதான் எங்கள் ஊர். நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் ஒரு தகரக் கூரை. கூரையின் கீழ் எப்போதும் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். என் பெரியப்பாவின் மெக்கானிக் ஷெட் அது. பெரியப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். என் தந்தை கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

ஷெட்டின் பின்மூலையில், தார்ப்பாய்க்கு அடியில், ஒரு வண்டி நின்றுகொண்டிருக்கும். 1969ஆம் ஆண்டு என்ஃபீல்டு புல்லட். பெரியப்பாவுக்கு அம்பத்தூரில் தொழில் கற்றுக்கொடுத்த முதலாளி, கடையை மூடியபோது சம்பள பாக்கிக்குப் பதிலாகக் கொடுத்தது. யார் வந்து விலை கேட்டாலும், "அது விக்கிற வண்டி இல்லீங்க, நான் தொழில் கத்துக்கிட்ட வண்டி" என்பார். வாரத்துக்கு ஒருமுறை தார்ப்பாயை விலக்கி, துடைத்து, ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம்தான் ஞாயிற்றுக்கிழமையின் அடையாளம்.

எனக்கு மட்டும் அந்த வண்டியைப் பிடிக்காது. கிரீஸ் படிந்த அந்த ஷெட்டிலிருந்து தப்பிப்பதற்காகத்தான் படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பத்தாம் வகுப்பில் ஒரு ஜோடி விளையாட்டு ஷூவுக்கு ஆசைப்பட்டேன். வீட்டில் கேட்க மனமில்லை. ஷெட்டில் ஒரு கோணிப்பை நிறையப் பழைய சாமான்கள் கிடந்தன. பெரியப்பா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து அதைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் காயலான் கடையில் போட்டேன். முந்நூற்று நாற்பது ரூபாய் கிடைத்தது. பழுது பார்ப்பதற்காகக் கழற்றி வைத்திருந்த அந்தப் புல்லட்டின் ஸ்பீடோமீட்டரும் அந்தப் பையில் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலாளி ஓட்டிய தூரமும் பெரியப்பா ஓட்டிய தூரமும் அதில்தான் எண்களாக நின்றிருந்தன. "பையைப் பார்த்தியாடா?" என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார். "தெரியாது பெரியப்பா" என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஸ்பீடோமீட்டர் இருந்த பள்ளத்தை ஒரு வட்டமான தகரத் தட்டு வெட்டி மூடிவிட்டார்.

சென்ற ஆண்டு பெரியப்பாவுக்குக் கண்புரை முற்றியது. ஒரு ஞாயிறு காலை என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்தப் பாயிண்ட்டுக்கு நடுவுல எவ்வளவு சந்து இருக்குன்னு பார்த்துச் சொல்லு. எனக்கு ரெண்டா தெரியுது." நாற்பது ஆண்டுகளாக அந்த இடைவெளியைக் கண்ணாலேயே அளந்தவர் அவர். அது அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது! ஃபீலர் கேஜை வாங்கி முதன்முதலாக அந்த எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தேன். பார்த்தவன் அசந்துபோனேன். நாம் வகுப்பில் படித்த பாடம் அங்கே கிரீஸ் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது!

1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை நாம் அனைவரும் தேர்வில் எழுதியிருக்கிறோம். இந்த வண்டியின் பேட்டரி வெறும் 6 வோல்ட். அதைக்கொண்டு பிளக்கில் பொறி பறக்கவைக்க முடியாது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் பாய்கிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அது அறுபடுகிறது. உடனே துணைச் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கிறது. அந்தக் கணம் எது என்பதைத்தான் பெரியப்பா 'டைமிங்' என்கிறார். ஃபாரடேயும் கொல்லர் வீட்டுப் பிள்ளைதான். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றவர்தான். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ அவரு நம்ம ஆளுதான்" என்றார்.

அன்றிலிருந்து நான் அவருக்குக் கண்ணானேன். அவர் எனக்கு வாத்தியாரானார். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர் என்று அவர் சொல்ல, தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டேன். 346 கன சென்டிமீட்டர் வந்தது. "350ன்னுதானேடா எழுதியிருக்கான்!" என்று சிரித்தார். கம்பெனிக்காரன் கணக்கில் நாலு சி.சி. கூட்டிச் சொல்லியிருப்பதை நாற்பது ஆண்டு கழித்து அவர் அறிந்த நாள் அது.

இந்த வண்டி பிறந்த கதை நம் சென்னையின் கதையும் ஆகும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் உருவானது புல்லட். 1955இல் அந்த நிறுவனத்துடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970உடன் இங்கிலாந்தில் அந்தப் பெயரில் வண்டி செய்வதே நின்றுபோனது. தாய்வீட்டில் விளக்கு அணைந்த பிறகும் மகள் திருவொற்றியூரில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். 1977 முதல் இங்கிருந்து அங்கே ஏற்றுமதியும் ஆனது என்றால் பெருமைப்பட வேண்டாமா?

பழைய வண்டிகளைச் சேர்த்துக் காப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது. கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்தவர். இளம் வயதில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, ரட்ஜ் வண்டி ஒன்றை வாங்கினார். வாங்கியதும் ஊர்சுற்றவில்லை, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அவர் பெயரால் நடக்கும் அறக்கட்டளை 2015இல் கோவை அவினாசி சாலையில் பழைய கார்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்து, பொதுமக்களுக்குக் காட்டிவருகிறது. அத்தனைக்கும் விதை, எச்சில் மேசை துடைத்துச் சேர்த்த காசில் வாங்கிய ஒரு மோட்டார் சைக்கிள்!

இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே 1984இல் திறக்கப்பட்ட தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்தில் 2003இல் தீப்பிடித்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் கருகின. ஆனாலும் கருகியவற்றில் பலவற்றை மறுபடி உருவாக்கிப் பார்வைக்கு வைத்துவிட்டார்கள். எப்படி முடிந்தது? வண்டிதான் எரிந்தது, வண்டியைச் செய்யத் தெரிந்த கைகள் எரியவில்லை. கைகள் போய்விட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று நிற்கும் வண்டியும் வெறும் இரும்புதான்.

நிறுத்திவைத்த வண்டி தானாகவே சாகும். ரப்பர் வெடிக்கும், ஆயில் சீல் காயும். இந்நாளில் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள்; அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து டேங்கின் உட்புறம் துருவேற்றும். "வண்டிய வெச்சுக் காப்பாத்த முடியாதுடா, ஓட்டித்தான் காப்பாத்தணும்" என்பார் பெரியப்பா. அவர் வாரம் தவறாமல் எஞ்சினை உயிர்ப்பித்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த ஆண்டு பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று நம் இயற்பியல் துறை நடத்திய கண்காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். புல்லட்டைக் கொண்டுவரலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். பேராசிரியர் உடனே சம்மதித்தார். ஆர்.சி. புதுப்பிக்காத வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாது. எனவே குட்டியானையில் ஏற்றி வந்தோம். பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தார். கல்லூரிக்குள் அவர் நுழைந்தது அன்றுதான்.

காலையிலிருந்து வண்டியைச் சுற்றிக் கூட்டம். கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருப்பதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். முதலாமாண்டு மாணவி ஒருத்தி, "நான் ஸ்டார்ட் செய்யலாமா?" என்று கேட்டாள். மெலிந்த உடம்பு. கூட்டத்தில் கேலிச் சிரிப்பு. பெரியப்பா சொன்னார்: "பலம் வேணாம்மா. முள்ளைப் பாரு." சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால் அம்மீட்டர் முள் கழித்தல் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். அப்போது டிகம்ப்ரஸர் பிடியை இழுத்து, சிறிது தாண்டவிட்டு, பிடியை விட்டுவிட்டு ஒரே மிதி. இடம் தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். அவள் முள்ளைப் பார்த்தாள். பெரியப்பா சொன்ன சொல் மாறாமல் செய்தாள். முதல் மிதியிலேயே வண்டி கிளம்பியது! கேலி செய்தவர்கள் கைதட்டினார்கள். அம்மீட்டர் என்பது பரிசோதனைக் கூடத்து மேசையில் மட்டும் இருக்கும் கருவி அன்று என்பதை அன்று பலர் கண்ணாரக் கண்டார்கள்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே பேராசிரியர் தகரத் தட்டைத் தொட்டு, "எல்லாம் பழையபடி இருக்கிறதே, ஸ்பீடோமீட்டர் எங்கே?" என்றார். பெரியப்பா வாய் திறக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. காணாமல் போயிற்று என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. "நான்தான் சார் காயலான் கடையில் போட்டுவிட்டேன். பத்தாம் வகுப்பில், ஷூ வாங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் அமைதியானார்கள்.

மாலையில் குட்டியானைக்காகக் காத்திருந்தபோது பெரியப்பாவே பேச்செடுத்தார். "மறுநாளே எனக்குத் தெரியும்டா. கடைக்காரன் கிட்டப் போய்க் கேட்டேன். லோடு போயிடுச்சுன்னான்." "ஏன் பெரியப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கலை?" என்றேன். "கேட்டிருந்தா நீ அப்புறம் ஷெட்டு பக்கமே வந்திருக்க மாட்டே. மீட்டர் போனா போகுது" என்றார்.

வேறொரு ஸ்பீடோமீட்டர் பழைய சாமான் சந்தையில் தேடினால் கிடைக்கும். வேண்டாமென்று இருவரும் முடிவு செய்துவிட்டோம். வேறு யாரோ ஓடிய தூரம் எங்களுக்கு எதற்கு? தகரத் தட்டு அப்படியே இருக்கட்டும். வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் காரணம் சொல்வேன்.

பெரியப்பாவுக்குச் செவித் திறனும் விரல் நுனியும் இன்னும் கூர்மையாகவே இருக்கின்றன. ஒவ்வொரு ஞாயிறும் அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். எந்தச் சத்தத்துக்கு எந்தப் பழுது, எந்த நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று இதுவரை நாற்பத்து மூன்று பக்கங்கள் ஆகியிருக்கின்றன. எழுத எழுதத்தான் அவருக்குத் தெரிந்தது எவ்வளவு, நான் தூக்கிப்போட்டது எவ்வளவு என்று புரிகிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு மூலையில் ஏதேனும் இருக்கும். பாட்டியின் தையல் இயந்திரமாக இருக்கலாம்; தாத்தாவின் வால்வு ரேடியோவாக இருக்கலாம். காயலான் கடைக்காரரின் தராசு அதைக் கிலோ கணக்கில்தான் நிறுக்கும். அதற்கு முன் ஒரு நாள், அதை ஓட்டத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த அறிவியல் நாளுக்கு அந்தப் பொருளோடு அவரையும் கல்லூரிக்கு அழைத்து வாருங்கள். பெரியப்பா வெள்ளைச் சட்டையை இப்போதே மடித்து வைத்துவிட்டார்.